டச் பேயில் எழுதிய துண்டுகளும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

தம்பி, உன் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக ஒருக்காச் சுருக்கிச் சொல்லுகிறேன், பிழை இருந்தால் திருத்து. நீங்கள் நாலு பெடியன்கள், பள்ளிக்கூடத்து ஓ.எல் சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். போன கிழமை ஒரு பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் இருந்து, முகத்தைக் கிழவனாக்கிற ஆப்பில் நாலு பேரின் படத்தையும் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள். சிரித்து முடிய ஒருவன் கொப்பித் தாளைக் கிழித்து, "28 வயதில யார் எங்க இருப்பம் எண்டு ஒவ்வொருத்தனைப் பற்றியும் மற்ற மூண்டு பேரும் எழுதுவம்" என்று தொடங்கியிருக்கிறான். ஒருவனுக்கு டொக்டர், பெரிய வீடு, வெள்ளைக் கார். ஒருவனுக்குக் கட்டார். உனக்குக் கொழும்பில் வங்கி வேலை, வழுக்கை, "எங்களை மறந்திருப்பான்". நாலாவது பெடியனுக்கு மூன்று துண்டிலும் ஒரே வரி, "அப்பாட போட்", அதாவது அப்பாவின் மீன்பிடி வள்ளம். அவன் துண்டுகளை மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனவன், இன்றுவரை ரியூசனுக்கும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கட்டார்க்காரன், பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதவேண்டிய ஏ.எல் படிக்கப் போவதில்லை என்கிறான். டொக்டருக்கு இரவில் நித்திரை இல்லை. நீ, கூட்டாளிகளோடு சேர்ந்து எடுக்க இருந்த கணிதப் பிரிவை விடுவோமா என்று யோசிக்கிறாய். நாங்கள் பார்த்தது நடக்குமா, முடிவை மாற்றவேண்டுமா, அவனோடு என்ன கதைக்கிறது. மூன்று கேள்வி.

நான் இந்த ஊரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, பிறகு தொழில் வழிகாட்டல் வேலைக்குப் போனவள். உங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்து நகம் கடித்திருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில்: நீங்கள் பார்த்தது எதிர்காலம் இல்லை. ஆப்புக்குத் தோல் சுருங்குவதும் மயிர் நரைப்பதும் மட்டும்தான் தெரியும், நீ எந்த ஊரில் எந்தக் கதிரையில் இருந்து நரைப்பாய் என்பது அதற்கு எப்படித் தெரியும். துண்டுகள் அதைவிடக் குறைவு. அந்தத் துண்டில் இருந்தது, இன்றைக்கு உங்கள் நாலு பேருக்குள் யாருக்கு என்ன மதிப்பு என்கிற கணக்கு. வகுப்பில் முதலாவதாக வருகிறவனுக்கு டொக்டர், துறுதுறு என்று திரிகிறவனுக்கு வெளிநாடு, அமைதியானவனுக்கு வங்கி, அப்பா கடலுக்குப் போகிறவனுக்குக் கடல். திகதியை மட்டும் பன்னிரண்டு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். போட் பெடியனுக்குக் கோபம் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்பாவின் தொழிலில் அவனுக்கு வெட்கம் இருந்திருக்காது, மூன்று பேரும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதியதுதான் சுட்டிருக்கும்.

ஆனால் விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடவும் மாட்டேன், ஏனென்றால் முகத்தைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ செய்தது என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையாக நடக்கிற ஒன்று. ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் பல வருடமாகப் படிக்கிறார். 2011 இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவர்களுடைய முகத்தையே முதுமையாக்கிக் காட்டிவிட்டு, கையில் ஆயிரம் டொலர் வந்தால் எதற்கு எவ்வளவு ஒதுக்குவாய் என்று கேட்டார்கள். கிழட்டு முகத்தைக் கண்டவர்கள் ஓய்வுகாலத்துக்கு ஒதுக்கிய தொகை, இளமுகத்தைக் கண்டவர்கள் ஒதுக்கியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்கு முன்பு மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வொன்றில், பலருக்குப் பத்து வருடத்துக்குப் பிந்திய தன்னை நினைக்கும்போது மூளை வேலை செய்கிற விதம், இன்றைய தன்னை நினைப்பதைவிட யாரோ வேறொருவரை நினைப்பதற்குக் கிட்டவாக இருந்தது. விளங்குதா? 28 வயது நீ, உன் மூளைக்கு அரைவாசி அந்நியன். அவனுக்காக இன்றைக்கு யார் கஷ்டப்படுவது? முகத்தைக் காட்டினால் அந்நியம் கொஞ்சம் குறைகிறது, நீ இரவில் எழும்பி இருந்து யோசிக்கிறாய். அந்த அளவுக்கு அந்த ஆப் நல்ல காரியம் செய்திருக்கிறது.

சரி, அடுத்தது கொஞ்சம் சிக்கலானது. வெள்ளைக் கார் எழுதப்பட்டவனை நினைத்துப் பார். அதை வாசித்தபோது அவனுக்கு ஒரு சந்தோசம் வந்திருக்கும். அந்தச் சந்தோசத்தில் ஒரு பொறி இருக்கிறது. கப்ரியேலே ஒட்டிங்கன் என்ற உளவியலாளர், படிப்பு முடித்து வேலை தேடுகிற ஜேர்மன் பட்டதாரிகளைத் தொடர்ந்து பார்த்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கனவு கண்டவர்கள் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், குறைவான வேலை அழைப்புகளே வந்திருந்தன, சம்பளமும் குறைவு. கனவில் ஒருமுறை அடைந்துவிட்டால் உடம்பு ஆறிப்போய் இருந்துவிடுகிறது. கனவு காணாதே என்று ஒட்டிங்கன் சொல்லவில்லை. கண்ட கையோடு அதற்குக் குறுக்கே நிற்பதையும் எடுத்து முன்னால் வை என்கிறார். பெரிய வீட்டைப் பார்த்தாயா, இப்போது இரசாயனத்தில் மூல் கணக்கு விளங்காததையும் பார்.

டொக்டருக்கு நித்திரை வராததற்கு வேறு மருந்து இருக்கிறது, அது எளிய கூட்டல். 19 வயதில் ஏ.எல் எழுதுகிறான் என்று வை. ரிசல்ட்ஸ், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி எல்லாம் வந்து பீடத்துக்குள் காலடி வைக்க 20, 21 ஆகிவிடும். இரண்டாம் தரம் எழுதினால் 22. வைத்தியப் படிப்பு ஐந்து வருடம். முடிய, இன்டேர்ன் நியமனத்துக்குக் காத்திருந்து ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அப்போது வயது என்ன? 28இல் அவன் நாட்டின் ஏதோ ஒரு மூலையில், தனக்குத் தெரியாத ஊரில், முதல் நியமனத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். வெள்ளைக் கார் யாருடையதோ. இதைச் சொன்னால் சில பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், சிலருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கும், ஏனென்றால் 28இல் கார் இல்லாவிட்டால் தோல்வி என்று யாரும் சொல்லமுடியாது என்று அப்போதுதான் தெரியும். உன் நண்பன் இரண்டாவது வகை என்று எனக்கு ஒரு நினைப்பு.

இனி என் கதை ஒன்று. 1990 மே மாதம், எனக்கும் பதினாறு வயது. உவர்மலையில் ஒரு வீட்டு முற்றம், மாமரத்துக்குக் கீழே சாக்கு விரித்து நாங்கள் நாலு பெட்டைகள் உப்பும் தூளும் போட்ட மாங்காயோடு இதே விளையாட்டை விளையாடினோம். தாள் இல்லை, வாயாலே. ஒருத்தி வக்கீல், ஒருத்தி ரேடியோவில் அறிவிப்பாளர், ஒருத்தி பெரிய இடத்தில் கலியாணம், நான் விஞ்ஞானி. ஜூன் மாதம் சண்டை திரும்பத் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை, மாமரம் மட்டும் நின்றிருக்கும். வக்கீல், குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறி, அங்கே முகாமில் இருந்து, பிறகு ரொறன்ரோ போய் இப்போது பேரப்பிள்ளை பார்க்கிறாள். ரேடியோக்காரி குடும்பநல உத்தியோகத்தர் ஆனாள். அந்தக் காலத்தில் கோழி அறுத்தால் வீட்டுக்குப் பின்பக்கம் ஓடுகிறவள், பிறகு எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் நலன்புரி முகாம் முகாமாகத் திரிந்தவளும் அவள்தான். நாலாமவளைப் பற்றி எழுதப் போவதில்லை.

எங்கள் நாலு பேரின் வாய்க்கணக்கிலும் யுத்தம் இருக்கவில்லை, கடல் ஊருக்குள் வருமென்று இருக்கவில்லை, கனடா இருக்கவில்லை. உங்கள் தாள் கணக்கில் என்ன இல்லை என்று உங்களுக்கும் இப்போது தெரியாது. வெளியில் நடப்பதை விடு, உள்ளே நடப்பதுகூட எங்களுக்குத் தெரிவதில்லை. 2013 இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 18 முதல் 68 வயதுவரை 19,000 பேருக்கு மேல் எடுத்து, போன பத்து வருடத்தில் எவ்வளவு மாறினாய், வருகிற பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவாய் என்று கேட்டார்கள். எல்லா வயதுக்காரரும், 'போன பத்தில் நன்றாக மாறிவிட்டேன், இனிமேல் பெரிதாக மாறமாட்டேன்' என்ற மாதிரியே சொன்னார்கள். ஐம்பது வயதில் எனக்கும் அந்த நினைப்பு இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினாறில் உனக்கு இருப்பதில் என்ன ஆச்சரியம்? ஆகவே 28 வயது உனக்கு என்ன பிடிக்கும் என்று இன்றைக்கே தீர்ப்பு எழுதாதே. அவன் உன்னைவிட அதிகம் தெரிந்தவனாக இருப்பான், கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் போதும்.

அப்படியென்றால் எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்பாய். இந்தப் பதிலில் நான் உண்மையாகச் சொல்லவந்தது இதுதான்: எதிர்காலத்தைக் கற்பனை செய்யாதே, போய்ப் பார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிந்திய உன் வாழ்க்கையை இன்றைக்கு வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவர் இந்த ஊரிலேயே இருக்கிறார், அவருடைய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்துவிட்டு வா.

இதுவும் நான் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. டானியல் கில்பர்ட் என்ற ஹார்வர்ட் உளவியலாளரும் கூட்டாளிகளும் 2009 இல் ஒரு சோதனை செய்தார்கள். பெண்கள் சிலர் ஒரு இளைஞனைச் சில நிமிடம் சந்திக்கப் போகிறார்கள். அந்தச் சந்திப்பு எவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு இளைஞனின் படமும் விபரமும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு ஒன்றும் இல்லை, முதலில் சந்தித்த முன்பின் தெரியாத ஒரு பெண் போட்ட புள்ளி மட்டும். சரியாக ஊகித்தவர்கள் இரண்டாவது பகுதியினர், அதுவும் நல்ல வித்தியாசத்தில். ஆனால் எது உதவும் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் படமும் விபரமும்தான் என்றார்கள். நாங்கள் அப்படித்தான், எங்கள் கற்பனையில் அவ்வளவு நம்பிக்கை. அனுபவித்த ஆளிடம் கேட்பது மட்டும் கௌரவக் குறைச்சல்.

ஏன் செவ்வாய்? எங்கள் ஆட்கள் செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள், கலியாணம் வைக்கமாட்டார்கள், அதனால் விசேசம் ஒன்றும் இல்லாத நாள். ஒரு வேலையை அதன் பட்டமளிப்பு நாளில் பார்த்தால் எல்லா வேலையும் வடிவுதான். செவ்வாய் பதினொரு மணிக்குப் பார்க்கவேண்டும். அந்த ஆள் முகத்தில் என்ன இருக்கிறது, எதற்குச் சலிக்கிறார், எதற்குச் சிரிக்கிறார், சாப்பாட்டை எத்தனை மணிக்கு எடுக்கிறார். கேட்கவேண்டிய கேள்வியும் "உங்கட வேலை நல்லமா சேர்?" இல்லை, அதற்கு எல்லாரும் "ஓம் தம்பி நல்லாப் படியுங்கோ" என்றுதான் சொல்வார்கள். "நேற்று விடிய எழும்பினதில இருந்து என்ன செய்தனீங்கள்?" என்று கேள். பிறகு, "ஆரும் சொல்லாத கஷ்டம் என்ன?" இந்த இரண்டும் போதும்.

என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளை பொறியியலாளராக வேண்டும் என்று நின்றவள். சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலையில் இருந்த தன் ஒன்றுவிட்ட அண்ணாவோடு ஒரு நாள் கதைக்கவிட்டேன். திரும்பி வந்து அவள் சொன்னது, "மிஸ், அண்ணா முழுநாளும் கணக்கு ஒண்டும் செய்யேல்ல. பழுதான ஒரு மோட்டருக்கு யார் பொறுப்பு எண்டு மூண்டு பேரோட கதைச்சவர், அவ்வளவுதான்." அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் ஆறு பிள்ளைகளில் மூத்தவள், பஞ்சாயத்துப் பண்ணுவதில் கெட்டிக்காரி. இன்னொரு பெடியன் அதே மாதிரி ஒரு வங்கிக் கவுண்டரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் வர்த்தகப் பிரிவுப் படிவத்தைக் கிழித்தான். இரண்டு பேரும் பார்த்தது துண்டில் எழுதமுடியாத ஒன்று.

உன் கணிதப் பிரிவுக்கு வருவோம். நீ எழுதியதில் எனக்கு நெருடிய வசனம், "கூட்டாளிகளோட ஒண்டா இருக்கலாம் எண்டுதான் எடுத்தம்". தப்பில்லை, பதினாறு வயதில் எல்லாரும் செய்வதுதான். 2005 இல் கார்ட்னர், ஸ்டைன்பேர்க் என்ற இருவர் 306 பேரை வைத்து வாகனம் ஓட்டுகிற கணினி விளையாட்டு ஒன்று விளையாடவிட்டார்கள். தனியே இருந்து ஓட்டும்போது 13–16 வயதுக்காரர் பெரியவர்களைப்போலத்தான் கவனமாக ஓட்டினார்கள். பக்கத்தில் கூட்டாளிகள் நின்றால் எடுக்கிற ஆபத்து மளமளவென்று ஏறியது, பெரியவர்களுக்கோ யார் நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கன்னியா வீதியில் மோட்டார்சைக்கிளில் மூன்று பேர் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. என்றாலும் சொல்கிறேன், கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கிற முடிவு உன்னுடையது மட்டும் இல்லை. கணிதத்தை எடுப்பதும் அப்படித்தான், துண்டைப் பார்த்த பயத்தில் விடுவதும் அப்படித்தான். இரண்டும் அதே மணலில் எடுத்த முடிவு.

ஒரு படிப்பித்த மனிசி என்ற முறையில் என் அபிப்பிராயம்: ஓ.எல் கணிதத்தில் ஏ எடுக்கிறவனெல்லாம் ஏ.எல் கணிதப் பிரிவின் இணைந்த கணிதப் பாடத்துக்கு ஏற்றவன் இல்லை. பழைய கணக்கு ஒன்றை எடுத்து, விடை பாராமல் நாற்பது நிமிடம் அதோடு மல்லுக்கட்டு. விடை வரவேண்டும் என்றில்லை. நாற்பது நிமிடம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம் போல இருக்கிறதா, எழும்பி ஓடலாம் போல இருக்கிறதா? இரண்டு வருடம் செய்யப்போவது அதைத்தான். இருக்கலாம் போல இருந்தால் எடு. கணிதம் எடுத்தவன் இஞ்சினியர்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணிக்கிற அளவைக் கணிப்பு இருக்கிறது, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை இருக்கிறது, கணினிப் படிப்புகள் இருக்கின்றன. எங்கள் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. (டொக்டருக்கு ஒரு தகவல்: சித்த மருத்துவமும் அதே வளாகத்தில்தான். நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் வாசலில் இறங்கலாம், போய் ஒருக்காப் பார்க்கச் சொல்லு.)

வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பயப்படுகிறாய், அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். உன் 70 புள்ளி 70 ஆகவே எண்ணப்படுவதில்லை. அந்தப் பாடத்தை நாடு முழுக்க எழுதினவர்களின் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை, எல்லாருடைய புள்ளியும் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் இசட் புள்ளி. மூன்று பாடத்தினதும் சராசரி உன் கையில் வரும். பிறகு விஞ்ஞானம், கணிதம் போன்ற பிரிவுகளில் 40 வீதம் இடம் நாடு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நீ போட்டிபோடுவது பெரும்பாலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடு, உப்புவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எல்லாம் சேர்த்து. அதில் உன் கூட்டாளிகளும் அடக்கம், பிறகு அதற்கும் மனம் நோகாதே. மூன்று தரம் எழுதலாம். முதல் சில மாதத்துக்குள் பிரிவு மாறுவதும் நடக்கிற காரியம்தான், ஒரு வருடம் போனபிறகு மாறினால் வலிக்கும். ஆகவே கதவு உடனே பூட்டப்படாது.

கட்டார்க்காரனுக்கு அதிகம் எழுதவில்லை, ஒரே ஒரு விசயம். அவனுக்கு 16. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து ஒழுங்காகப் போவதற்கு இன்னும் இரண்டு வருடம் கட்டாயம் இருக்கிறது, அந்த இரண்டு வருடத்தை என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. சும்மா இருந்துவிட்டுப் போனால் உதவியாள். மின்னிணைப்போ, குளிரூட்டித் திருத்தமோ, வெல்டிங்கோ படித்து, என்.வி.கியூ என்கிற தேசியத் தொழில் தகைமையின் நாலாம் மட்டச் சான்றிதழோடு போனால் தொழிலாளி. ஒரே பிளேனில் போய் இறங்குகிற இரண்டு பேருக்குச் சம்பளமும் வேறு, தங்குகிற அறையும் வேறு. அந்தச் சான்றிதழ் இங்கே திரும்பி வந்தாலும் செல்லும், ஐந்து, ஆறு என்று டிப்ளோமா மட்டங்களைத் தாண்டி ஏழாம் மட்டம் பட்டம்வரைக்கும் போகிற ஏணி அது. அவனுக்கும் ஒரு செவ்வாய் வேண்டும்: உங்கள் ஒழுங்கையிலேயே கட்டார் போய் வந்த ஒரு அண்ணா இருப்பார். கொண்டுவந்த டிவியைப் பார்க்காமல், வெயில் காலத்தில் விடிய எத்தனை மணிக்கு எழும்பினவர் என்று கேட்கச் சொல்லு.

உங்கள் விளையாட்டைத் திரும்ப விளையாட ஆசை என்றால் வேறு மாதிரி விளையாடுங்கள். ஜப்பானில் உயர்பாடசாலைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு பயிற்சி இருக்கிறது: மூன்று வருடத்துக்குப் பிந்திய தனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், பிறகு அந்த வயதில் இருந்துகொண்டு இன்றைய தனக்குப் பதில் எழுதவேண்டும். எழுதி மட்டும் விட்டவர்களைவிடப் பதிலும் எழுதியவர்களுக்குத்தான் எதிர்காலத் தன்னோடு ஒட்டுதல் கூடியது. செய்து பார். மற்றவனைப் பற்றி எழுதாதே, உனக்கு நீயே எழுது, ஒருவருக்கும் காட்டாதே. பதில் எழுதும்போது 19 வயதுக்காரன் உன்னைப் பேசட்டும், எனக்குத் தெரிந்தவரை அவன் நீ நினைத்ததைவிட இரக்கமாகத்தான் பேசுவான்.

இனிப் போட் பெடியன். மற்ற மூன்று பேருடைய எதிர்காலத்தையும் நீங்கள் காணாமல் எழுதினீர்கள், அவனுடையதைக் கண்டதாக நினைத்து எழுதினீர்கள். கண்டீர்களா? அவன் வீட்டுப் போட்டில் ஒரு நாளாவது ஏறியிருக்கிறீர்களா? பதினெட்டடி ஃபைபர் போட், பின்னால் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனபோது, கரையில் இழுத்துவிட்ட போட்டுகள் கிழமைக்கணக்கில் அப்படியே கிடந்தன. அன்றைக்கு அவனுக்கு 12, 13 வயது இருக்கும். அப்பா கடலுக்குப் போனால் எவ்வளவு நட்டம், போகாவிட்டால் எவ்வளவு நட்டம் என்ற கணக்கை அவன் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பான். கார்த்திகை தொடங்கினால் வாடைக் கடல், மாதக்கணக்கில் வருமானம் குறைவு. வெள்ளிக்கிழமை சைவம் என்று மீன் கேட்கிறவர்கள் குறைவு. இவ்வளவையும் தெரிந்தவன் அந்த நாலு பேரில் அவன் ஒருவன்தான், எதிர்காலத்தைக் கிட்ட நின்று பார்த்தவனும் அவன்தான். அவனுக்கு அது பிடிக்குமோ பிடிக்காதோ, விருப்பத்தோடு செய்வானோ வேறு எங்காவது போவானோ, அது அவன் சொல்லவேண்டிய கதை. சமுத்திரப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதுகூட உங்களில் யாருக்காவது தெரியுமா? அவனுக்குத் தெரிந்திருக்கலாம், நீங்கள் கேட்டதில்லை.

அதனால் போய் அறிவுரை சொல்லாதே. "நீ டொக்டராவும் வரலாம் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிடாதே, அது அவன் அப்பாவை இன்னொரு தரம் அடித்தது மாதிரி. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றால் ஒரு வசனம் போதும்: யோசிக்காமல் எழுதிப்போட்டம். போனில் வேண்டாம், மெசேஜில் வேண்டாம்.

உப்புவெளிப் பக்கம் போட்டுகள் கரைக்கு வருகிறது விடிய ஐந்தரை, ஆறு மணி. இருட்டு விலகி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கிற நேரம். எஞ்சின் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் போட் தெரியும். அலை உடைகிற இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டு, கரையில் நிற்கிற ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து "ஏலே" என்று இழுப்பார்கள். பெட்டி இறங்குகிறதற்குள் வியாபாரி வந்து நிற்பார், தராசு மணலில் சரிந்து நிற்கும், விலை இரண்டு மூன்று சொல்லில் முடிந்துவிடும். வலையில் சிக்கின குப்பையும் நண்டும் எடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். அவன் ரியூசனுக்கு வராத நாட்களில் அங்கேதான் நிற்பான் என்று நினைக்கிறேன். வருகிற செவ்வாய் போ, தனியே போ, நல்ல சப்பாத்துப் போடாதே. கண்டதும் கதைக்கத் தொடங்காதே, போட் கரை ஏறும்போது அவன் நிற்கிற பக்கத்திலேயே ஒரு கை பிடித்து இழு. வலை விரித்ததும் இருந்து நண்டு கழற்று, விரலைக் கடிக்கும், அவன் சிரிப்பான். துண்டைப் பற்றிக் கதைக்க அதற்குப் பிறகு நேரம் இருக்கு.